இரண்டு கத்தி வேங்கையும் ஒற்றைக் கோடாலிப் பாறையும்

பத்மினி பகடையை உள்ளங்கைக்குள் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தாள். தன் முறை வரட்டும் என்று காத்திருந்தாள். மேசைக்கு எதிர்ப்பக்கம் குமரேசன் நின்றபடி ஆடிக்கொண்டிருந்தான். உட்கார்ந்து ஆட அவனுக்கு வராது.

“மொத கத்தி... பதினேழு! ரெண்டாவது கத்தி... பத்தொம்போது! ரெண்டும் பட்டுடுச்சுக்கா!”

நான் கணக்குப் பார்த்தேன். இரண்டு வெட்டு. இரண்டு கத்தியிலும் எரிகிற மந்திர நெருப்பு வேறு. ஏரிச் சேற்றிலிருந்து எழுந்து வந்த ராட்சத முதலை அங்கேயே செத்து விழுந்தது. அந்த முதலைக்காக நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். வாலைச் சுழற்றி மூன்று பேரையும் தண்ணீருக்குள் தள்ளும்படி அதற்கு ஒரு வித்தை வைத்திருந்தேன். பாவம், அது வாலைத் தூக்கவே இல்லை.

“அடுத்து பத்மினி,” என்றேன் பழக்கதோஷத்தில்.

“நான் யாரைம்மா அடிக்கறது?” என்றாள் அவள்.

அவள் பகடையை மேசையில் வைத்தாள். பிறகு கைப்பையை எடுத்து, “பரவால்லப்பா, நான் கெளம்பறேன். ஆட்டோ கெடைக்காது,” என்றாள். வெளியே நல்ல வெயில். ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ கிடைக்காத நேரமே இல்லை.

இதென்ன விளையாட்டு?

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குப் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் என் அச்சகம் தெரியும். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, பில் புத்தகம், எல்லாம் போடுவோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் விடுமுறை. அப்போது காகிதம் வெட்டுகிற பெரிய மேசையைத் துடைத்துவிட்டு அதன் மேல் நாங்கள் சண்டை போடுவோம் என்பதை மட்டும் இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன்.

இதைக் கொண்டுவந்தவன் சீனிவாசன். சின்ன காஞ்சிபுரத்துப் பையன். கம்ப்யூட்டர் வேலை. பெங்களூரிலிருந்து வீட்டோடு வந்து, மாடி அறையில் உட்கார்ந்தே உத்தியோகம் பார்க்கிறான். ஒருநாள் கட்டம் கட்டமாக இருந்த ஒரு காகிதத்தைப் பிரதி எடுக்க வந்தான். இது என்ன தம்பி என்று கேட்டேன். ஒரு மணி நேரம் சொன்னான். பின்னால் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவர்கள் வரிசையில் நின்று தொண்டையைச் செருமினார்கள்.

விஷயம் இவ்வளவுதான். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம். காட்டுக்குள் போகிறாயா, மலை ஏறுகிறாயா, அவரவர் இஷ்டம். சண்டை வந்தால் இருபது முகம் உள்ள பகடையை உருட்ட வேண்டும். எண் பெரிதாக வந்தால் அடி படும், சிறிதாக வந்தால் தப்பும். நாங்கள் இதற்குக் ‘கதையாட்டம்’ என்று பெயர் வைத்துக்கொண்டோம். எனக்கு வாய் நீளம் என்பதால் கதை சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது.

ஆட வந்தவர்கள் எல்லோரும் என் வாடிக்கையாளர்கள்தான். தங்கை கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவக் கொடுத்துவிட்டு, மேசையில் கிடந்த பகடையை எடுத்து உருட்டிப் பார்த்தவன் குமரேசன். பட்டுத் தறி நெசவு. கதையில் அவன் பெயர் வேங்கை, கைக்கொன்றாக இரண்டு கத்தி. பத்மினி தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆளைப் பார்த்தால் ஊதினால் பறந்துவிடுவாள் போல இருப்பாள். கதையில் அவள் ஆறரை அடி உயரமான ஆண்பிள்ளை. பெயர் பாறை. கையில் ஒரே ஒரு கோடாலி. சீனிவாசன், நீலன் என்கிற மந்திரவாதி.

“இங்க மட்டும் என்னை சிஸ்டர்னு கூப்புடாதீங்கப்பா,” என்று பத்மினி முதல் நாளே சொல்லிவிட்டாள்.

ஆரம்பத்தில் பகடை உருளும் சத்தத்தைக் கேட்டு மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தார். “இங்க சூதாட்டம் நடக்குதுன்னு சொல்றாங்களேம்மா?” என்றார். ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தோம். வெளவால் குகையில் நாங்கள் மாட்டிக்கொண்டிருந்த நேரம் அது. கடைசிவரை உட்கார்ந்திருந்துவிட்டு, போகும்போது, “அந்தப் பக்கம் ஒரு வழி இருக்கும், நல்லா தேடுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டுத் தாயம்

இரண்டு கத்தி விஷயம் எப்படிக் கிளம்பியது என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் தாயக்கட்டை.

எங்கள் வீட்டில் தாயம் ஆடினால் ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு, எது விழுந்தாலும் மறுபடி உருட்டலாம். அடுத்தவர் காயை ஒன்றாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் நுழையலாம். உலகம் முழுக்க இப்படித்தான் ஆடுகிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். என் அக்கா கல்யாணமாகி வாலாஜாபாத் போனாள். தலைப் பொங்கலன்று மாமியாரோடு ஆட உட்கார்ந்தாள். அந்த அம்மாள் எதையும் வெட்டாமலே காயைக் கொண்டுபோய்ப் பழமாக்கிவிட்டார்.

“இது அழுகுணி ஆட்டம்,” என்று புது மருமகள் சொல்லிவிட்டாள். பொங்கல் பானை பொங்கியதோ இல்லையோ, வீடு பொங்கியது. அத்தான் ஒரு வாரம் நடுவர் வேலை பார்த்தார். கடைசியில் வெட்டு வேண்டும், ஆனால் ஐந்துக்கு மறு உருட்டு கிடையாது என்று ராஜி ஆனது. இன்றைக்கும் அந்த வீட்டில் அப்படித்தான் ஆடுகிறார்கள்.

ஆக, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விதி. கதையாட்டத்துக்கும் அச்சடித்த விதிப் புத்தகம் உண்டு. ஆனால் அதில் பிடிக்காததை மாற்றிக்கொள்ளலாம். இரண்டு கத்தி பிடித்தவன் என்ன செய்யலாம் என்பதற்குப் புத்தகத்தில் இருந்தது தலைசுற்றும்படி இருந்தது. “ரெண்டு கத்தி இருக்குது, ரெண்டு தபா உருட்டறேன். அவ்ளோதானேக்கா?” என்றான் குமரேசன். எல்லோரும் தலையாட்டினோம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

போகப்போக வேங்கையின் கத்திகளுக்கு நெருப்பு கிடைத்தது, கைக்கு வேகம் கிடைத்தது. எது கிடைத்தாலும் அது இரண்டால் பெருகியது. பாறையின் கோடாலிக்குக் கிடைத்தது ஒரு மடங்குதான். முதலையும் இப்படித்தான் செத்தது.

ஆட்டோவில் ஒரு பேச்சு

அடுத்த ஞாயிறு வர முடியாது, டியூட்டி என்று பத்மினி செய்தி அனுப்பினாள். அதற்கடுத்த ஞாயிறும் டியூட்டி. டியூட்டி மாற்றிக்கொண்டு வருபவள் அவள். கருட சேவைக் கூட்டத்தில் ஆட்டோ வராமல், செருப்பறுந்த காலோடு நடந்தே வந்து சேர்ந்தவள்.

அவள் வேலை முடிந்து வரும் நேரம் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். ஒரே ஷேர் ஆட்டோவில் ஏறினோம். நாங்கள் இருவரும், காய்கறிக் கூடையோடு இரண்டு பேரும்.

“கோவமா?” என்றேன்.

“கோவம்லாம் இல்லம்மா.” கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். “வார்டுல நான் ஒரு நிமிசம் சும்மா நின்னா போதும், யாராச்சும் கூப்புடுவாங்க. தண்ணி வேணும், ஊசி வலிக்குது, டிரிப்ஸ் எறங்கல. பேஜாராத்தான் இருக்குது. ஆனா நான் இல்லன்னா அங்க ஆவாது. உங்க மேசையில ஒரு மணி நேரமா ஒக்காந்துக்கினு இருக்கேன், என்னை யாரும் கூப்புடல. பாறை அங்க நின்னாலும் ஒண்ணு, நிக்கலன்னாலும் ஒண்ணு. இம்மாம் பெரிய ஆளப் படைச்சுட்டு, அவன் ஓரமா நின்னு வேடிக்க பாக்கறான்.”

கூடைக்காரம்மாள் என் பக்கம் திரும்பி, “யாருமா அது பாறை? வூட்டுக்காரரா?” என்று கேட்டார். பத்மினி சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விதியை மாற்றுகிறோம், நீ வா என்றேன். பார்க்கிறேன் என்றாள்.

கழித்தல் கணக்கு

சீனிவாசனிடம் சொன்னேன். எக்செல்லில் கணக்குப் போடச் சொன்னால் அவனுக்குச் சர்க்கரைப் பொங்கல். இரண்டே நாளில் விடையோடு வந்தான். இரண்டு கையிலும் கத்தி பிடித்தால் ஒவ்வொரு உருட்டிலும் நான்கைக் கழித்துவிட வேண்டும்.

“ஆவரேஜ் பாத்தா கோடாலியும் ரெட்டைக் கத்தியும் இப்ப ஒரே அளவுதான். டெசிமல் வரைக்கும் மேட்ச் ஆறது. இதுக்கு மேல பேலன்ஸ் பண்ணவே முடியாதுக்கா,” என்றான்.

பத்மினி வந்தாள். குமரேசனும் பெருந்தன்மையாகவே ஒப்புக்கொண்டான். “இன்னாக்கா, நாலுதானே? கழிச்சுக்கலாம்.”

அன்று வழிப்பறிக் கும்பலோடு சண்டை. குமரேசன் உருட்டினான். பன்னிரண்டு. நான்கு போக எட்டு, படவில்லை. இரண்டாவது, பதினொன்று. படவில்லை. அடுத்த சுற்றிலும் படவில்லை. ஒரு முறை கத்தி கைநழுவி விழுந்தே விட்டது. ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை உருட்டி இரண்டு முறை தோற்றான். கொஞ்ச நேரத்தில் கத்துவதை நிறுத்தினான். பிறகு, நான் இதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். குமரேசன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

கும்பலைப் பாறைதான் விரட்டினான். ஆனால் பத்மினிக்கு அதில் ருசி இல்லை. கிளம்பும்போது என்னைத் தனியாக இழுத்துப்போனாள்.

“அவன் மொகத்தப் பாத்தியாம்மா? நான் இதையா கேட்டேன்?”

அடுத்த ஞாயிறு குமரேசன் வரவில்லை. தறியில் வேலை என்றான்.

தறி மேடையில்

அவன் தெருவில் ஒரு வீட்டுக்குப் பத்திரிகை கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்துவிட்டு அவன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். தறியில்தான் இருந்தான். மாம்பழ நிறத்தில் ஒரு சேலை, அரக்கு பார்டர். கால் மிதிக்க, கை ஊடுநூல் சுற்றிய நாடாவை எறிய, வாய் மட்டும் என்னோடு பேசியது.

“வாக்கா, ஒக்காரு. கோவம்லாம் ஒண்ணும் இல்ல.” காஞ்சிபுரத்தில் யாருக்குமே கோபம் வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

“பழையபடியே வச்சுக்கலாமா?” என்று கேட்டேன்.

“வேணாம். அப்ப பத்மினிக்கா வரமாட்டாங்க. எனக்குப் புரியாமலா இருக்குது?” நாடா போய் வந்தது. “நெறைய அடிக்கணும்னு எனக்கு ஆசையே இல்லக்கா. இங்க பாரு. மேல அட்டையில டிசைன ஓட்டை ஓட்டையா குத்தி வச்சிருக்குது. எந்த எழை மேல போவணும், எது கீழ நிக்கணும், எல்லாம் முன்னாடியே முடிவு ஆயிடுச்சு. தப்பா வந்துச்சுன்னா பிரிச்சுட்டு மறுபடி போடணும். உங்க மேசையில ரெண்டு கையிலயும் ரெண்டு பகடைய வச்சு உருட்டினா, இன்னா வரும்னு எனக்கே தெரியாது பாரு. அந்தக் கடகட சத்தத்துக்குத்தான் நான் வரேன். அது வுழுவலன்னாலும் பரவால்ல. வுழுவவே வுழுவாதுன்னு தெரிஞ்சப்புறம் எதுக்கு உருட்டணும்?”

வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு லேசாக வெளிச்சம் தெரிந்தது. இவனுக்கு வேண்டியது இரண்டு பகடை. அவளுக்கு வேண்டியது, அவள் முறை வரும்போது எதிரே யாராவது உயிரோடு நிற்பது. இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் எதையும் பிடுங்கவே இல்லை. நாங்கள்தான் தராசில் வைத்துக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தோம்.

ஸ்கேல் எதிர் ஒட்டடைக் கம்பு

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், ஆட்டம் கிடையாது, விதி மட்டும் பேசலாம் என்று மூன்று பேருக்கும் சொல்லி அனுப்பினேன். வந்தார்கள். இட்லியும் மிளகாய்ப்பொடியும் வைத்திருந்தேன். வயிறு நிறைந்தால் மனிதர்கள் ராஜிக்கு வருவார்கள் என்பது என் தொழில் அனுபவம்.

“நெசத்துல ரெண்டு கத்தியால ஒரே நேரத்துல வெட்ட முடியுமா?” என்று பத்மினி கேட்டாள்.

“ஏன் முடியாது?” குமரேசன் காகிதம் வெட்டும் இடத்திலிருந்து இரண்டு நீள ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டான். பத்மினி சுற்றுமுற்றும் பார்த்தாள். மூலையில் ஒட்டடைக் கம்பு சாத்தியிருந்தது. அதுதான் கோடாலி.

“கைய பாத்துப்பா. நாளைக்குத் தறியில ஒக்காரணும் நீ,” என்றாள்.

“நான் வேங்கைக்கா. நீங்க வாங்க.”

மெதுவாகத்தான் ஆடினார்கள். இவன் இரண்டு ஸ்கேலையும் சேர்த்து வீசினான். வலது கை போகும் வழியில் இடது கை வந்து நின்றது. மறுபடி வீசினான். ஸ்கேலோடு ஸ்கேல் மோதி ணங்கென்றது. மூன்றாவது முறை வீசுவதற்குள் பத்மினி கம்பை மேலிருந்து இறக்கினாள். அவன் யோசிக்கவே இல்லை. இடது கை தானாகத் தலைக்கு மேல் போய் ஸ்கேலால் கம்பைத் தாங்கியது. வலது கை ஸ்கேலின் நுனி அவள் துப்பட்டாவைத் தொட்டு நின்றது. கம்பின் நுனியிலிருந்த ஒட்டடை முழுவதும் சீனிவாசன் இட்லி மேல் விழுந்தது.

“அப்படியே நில்லுங்கோ! அசையாதீங்கோ!” என்று சீனிவாசன் கத்தினான். இட்லிக்காக என்று நினைத்தேன். அவன் அவர்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். “ஒரு கைதான் அடிக்கறது. இன்னொண்ணு தடுக்கறது.”

“ஆமாம்பா,” என்றாள் பத்மினி. “நீ ரெண்டு கத்திய வச்சுக்கினு ஒரு அடிதான் அடிச்ச. ஆனா நல்ல அடி.”

அதற்குப் பிறகு விதி தானாக வந்து உட்கார்ந்தது. இரண்டு கத்தி என்றால் இரண்டு பகடையையும் ஒன்றாக உருட்டு. எது பெரியதோ அதை எடுத்துக்கொள். அடி ஒன்றுதான். இரண்டு பகடையுமே பட்டால் ஒரு சலுகை உண்டு. கூடக் கொஞ்சம் காயம் கொடுக்கலாம், அல்லது உன் பக்கத்தில் நிற்பவன் மேல் அடுத்து விழப்போகும் வெட்டைத் தடுக்கலாம். எது வேண்டும் என்று நீயே சொல்.

“கோடாலிக்கு?” என்றான் குமரேசன். அவனே கேட்டான் என்பதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். “அவங்களுக்கும் ஒண்ணு குடுக்கா. ஒருத்தன வெட்டி வேகம் மிச்சம் இருந்தா, அது பக்கத்துல நிக்கறவன் மேல போவட்டும். கோடாலி அங்கியே நின்னுடுமா இன்னா?”

சீனிவாசன் மடிக்கணினியில் தட்டிப் பார்த்தான். “டெசிமல் மேட்ச் ஆகலை,” என்றான் வருத்தமாக. “ஆனா பரவாயில்லை.”

மதகு மேல் சண்டை

புது விதியில் ஆடிய முதல் ஆட்டத்துக்குத் தென்னேரி மாதிரி ஒரு பெரிய ஏரியை எடுத்துக்கொண்டேன். கொள்ளைக் கூட்டம் கரையை உடைக்க வருகிறது. கீழே ஒரு கிராமம் தூங்குகிறது. மதகை மந்திரத்தால் பூட்ட நீலனுக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். அதுவரை மதகுக்குப் போகும் ஒற்றைக் கல்பாதையை யாராவது மறிக்க வேண்டும்.

“பாறை நிக்கிறான்,” என்றாள் பத்மினி, நான் கேட்பதற்கு முன்பே.

வேங்கை அவன் பக்கத்தில் நின்றான். கடகடவென்று இரண்டு பகடையும் உருண்டன. குமரேசன் மறுபடி எழுந்து நின்றிருந்தான். ஒன்று பட்டது, சில நேரம் இரண்டும் பட்டது, சில நேரம் இரண்டும் போனது. போனாலும் கத்தினான், பட்டாலும் கத்தினான். பத்மினியின் கோடாலி ஒரே வீச்சில் ஒருவனைச் சாய்த்து, மிச்சத்தோடு அடுத்தவனையும் தண்ணீரில் தள்ளியது. அவள் மேசையைத் தட்டிய தட்டில் தண்ணீர்ச் சொம்பு குதித்தது.

பிறகு கொள்ளைத் தலைவன் வந்தான். பாறைக்கு உயிர் கொஞ்சம்தான் மிச்சம். குமரேசன் உருட்டினான். இரண்டு பகடையும் பட்டன. கூடக் கொஞ்சம் காயம் கொடுத்தால் தலைவன் அங்கேயே காலி. அது அவனுக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்தான், பத்மினியைப் பார்த்தான்.

“தடுக்கறேன்க்கா. பாறை மேல வுழுவற வெட்ட நான் வாங்கிக்கறேன்.”

தலைவனின் வெட்டு கத்தியில் பட்டுத் தெறித்தது. பாறை கோடாலியை ஓங்கினான். பத்மினி பகடையை ஊதி உருட்டினாள். அது மேசையின் ஓரம் வரை ஓடி நின்றது.

இரண்டு.

அடி தப்பிவிட்டது. அடுத்த சுற்றில் வேங்கைக்கு எதுவும் படவில்லை. தலைவனின் வெட்டு பாறை மேல் இறங்கியது. நான் கூட்டிப் பார்த்தேன், திரும்பவும் கூட்டிப் பார்த்தேன். பாறை கல்பாதையில் முழங்கால் மடங்கி விழுந்தான். அவன் விழுந்தபோது மதகு பூட்டிக்கொண்டது. கோடாலி விழுந்த இடத்தைத் தாண்டி ஒருவனும் போகவில்லை. தலைவனை வேங்கை முடித்தான், ஆனால் குமரேசன் உடனே பகடைகளைக் கீழே வைத்துவிட்டான்.

நான் பத்மினியைப் பார்க்கப் பயந்தேன். இவ்வளவு பாடுபட்டு அவளைக் கூப்பிட்டு வந்து, அவள் ஆளையே கொன்றுவிட்டேனே!

அவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். பிறகு பெரிதாகச் சிரித்தாள்.

“எம்மாம் சண்டைப்பா! செத்தாலும் கரை மேலதான் செத்தான் என் ஆளு. ஊரே பொழைச்சுதுல்ல?” கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். “புதுசா ஒரு ஆளு செய்யலாமாம்மா?”

“தாராளமா. எப்படிப்பட்ட ஆளு?”

“சின்னப் பொண்ணு. வேகமா ஓடுவா.” குமரேசனின் இரண்டு பகடையையும் எடுத்து ஒன்றாகக் குலுக்கிப் பார்த்தாள். “ரெண்டு கத்தி.”

குமரேசன் விறைத்து நிமிர்ந்தான்.

“ரெண்டு கத்தியா? அக்கா, அந்த ரூல் ரொம்ப ஓவரா இருக்குதுக்கா. அத்தக் கொஞ்சம் கொறைச்சே ஆவணும்.”

சீனிவாசன் பெருமூச்சு விட்டுக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தான்.